சாக்பீஸ் வட்டம்

கம்பம் மின்வாரியத்துடையது,
விளக்கு மாநகராட்சியுடையது.
இருட்டு மட்டும் மூன்று வருடமாக
எங்களுடையதாக இருந்தது.

சூரமங்கலத்தில்
சரக்குத் தண்டவாளத்தை ஒட்டிய சந்து.
கடைசி டவுன் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து
என் வீட்டுக்கு நானூற்றுப் பத்து தப்படி.
எண்ணியிருக்கிறேன்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.

அந்த வெள்ளிக்கிழமை இரவு
பதினோரு பேர் நடந்தோம்.
கூடவே ஏட்டம்மா குணவதி,
வார்டுப் பொறியாளர்,
ஏணியோடு வயர்மேன் சீரங்கன்.
ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்தார் ஏட்டம்மா.
"பேசவேண்டாம்.
எங்க நடை வேகமாகுதோ
அங்க ஒரு வட்டம் போடுங்க."

நூர்ஜஹான் குழாயடியில் போட்டாள்.
நர்ஸ் விடுதிப் பெண்ணொருத்தி
நாலு தப்படிக்கு ஒன்றாகப்
போட்டுக்கொண்டே வந்தாள்,
சாக்பீஸ் தீர்ந்து என்னுடையதை வாங்கினாள்.
எழுதிக்கொண்டு வந்த பொறியாளர்
நோட்டை மூடிவிட்டு
அவளுக்கு டார்ச் பிடித்தார்.

இருபது நாள் கழித்து ஐந்து விளக்குகள்.
நான் தினம் பயந்த ஆள்
கோணி போர்த்திய தள்ளுவண்டி என்று தெரிந்தது.
குழாயடி வட்டம் அப்படியல்ல;
அங்கே நின்றது ஆளேதான்.
இப்போது அங்கே
ரோந்து நோட்டு தொங்குகிறது,
இரவு பத்தே முக்காலுக்குக்
குணவதியின் கோணல் கையெழுத்தோடு.

ஆறாவது விளக்கு வரவில்லை.
அந்த மூலை ரயில்வே நிலமாம்.
மனு போயிருக்கிறது.
மழையில் அழிகிற அந்த ஒரு வட்டத்தை
யாராவது ஒருத்தி
மறுபடி போட்டுவிட்டுப் போகிறாள்.