விரல்முட்டி

பீல் நகரில், மருந்துப் பம்புக்கு
நான் வரைந்த பொத்தான்
விரல்நுனிக்கு அளவெடுத்தது.
பூர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரி, இரவு மூன்று பத்து.
ரெகுலா அதை முட்டியால் அமுக்குகிறாள்.
ஈரக் கையுறை,
மற்றக் கையில் நோயாளியின் தோள்.

ஒலியை நிறுத்தும் பொத்தானுக்கும்
மருந்தை நிறுத்தும் பொத்தானுக்கும்
ஓர் அரிசி இடைவெளி.
ஒன்றின்மேல் யாரோ பிளாஸ்திரி ஒட்டி
நீல மையில் எழுதியிருக்கிறார்கள்:
இதல்ல.
எழுபது பக்கக் கையேட்டில்
அந்த ஒரு சொல்லை நான் எழுதவில்லை.

"மாற்றித் தருகிறேன்" என்றேன்.
அவள் திரும்பாமல்,
"முதலில் அந்த வெளிச்சத்தைக் குறையுங்கள்.
இப்போதுதான் கண்ணயர்ந்தார்."

தேடினேன்.
அமைப்புகள், காட்சி, இன்னும் ஒரு மெனு,
அங்கே கடவுச்சொல் கேட்டது
நானே வைத்த பூட்டு.

ரெகுலா ஒரு துவாயை விரித்து
என் திரைமேல் போட்டாள்.