ஹீட்டர் ஓடாது

முன்னூற்று இருபத்தைந்து டாலர்.
எமில் அதைப் பத்துகளாகவும் ஐந்துகளாகவும் எண்ணி
ஹ்ருஷ்காவின் உள்ளங்கையில் வைத்தபோது
ஹ்ருஷ்காவுக்குத்தான் கூச்சமாகிவிட்டது.
"ஹீட்டர் ஓடாது" என்றான்.
"வண்டி ஓடுகிறதல்லவா" என்றான் எமில்.

அறுபத்தெட்டாம் வருடத்து டாட்ஜ் கோரனெட்.
நானூற்று நாற்பது கன அங்குல எஞ்சின்.
நிறம் பச்சை என்றது பதிவுச் சீட்டு.
பனிக்கு உப்புத் தூவும் ஒஹாயோச் சாலைகள்
அதற்குள் வேறு நிறம் கொடுத்திருந்தன.
என் இருக்கைக்கு முன்னால் தகரம் அரித்துப்போய்
காலடியில் சாலை ஓடுவது தெரியும்.
மழை நாளில் காலுறை நனையும்.
ஒரு பிப்ரவரியில்
இடக்கைக் கையுறை அதன் வழியே போனது.
நிறுத்து என்று நான் கத்த,
அவன் நிறுத்துவதற்குள் அரை மைல்.

அது எழுபத்து நாலு.
பெட்ரோல் வரிசை தெருமுனை திரும்பி
லூத்தரன் தேவாலயம் வரை நிற்கும்.
காலனுக்கு ஒன்பது மைல் தரும் பூதத்துக்கு
யார் தீனி போடுவது?
எஞ்சின் அளவைக் கேட்டதும்
இன்ஷூரன்ஸ்காரர் பேனாவை மூடி வைத்தார்.
வீட்டுக்கு வீடு புல்தரையில் ஒன்று நின்றது,
கண்ணாடியில் சோப்பால் எழுதிய விலையோடு.
அறுநூறு. அடித்துவிட்டு ஐநூறு.
அதையும் அழித்துவிட்டு, "என்ன தருவீர்கள்?"
பெட்ராசெக் வீட்டு மஞ்சள் சேலஞ்சரின் பின்சீட்டில்
கோழித் தீவன மூட்டைகள் பயணம் செய்தன.
அவற்றையெல்லாம் கொண்டாடினோம் என்று
இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.
நான் சொல்லமாட்டேன்.

உருக்காலை மூடிய மறு கோடையில்
மாவட்டச் சந்தையில் மோதல் பந்தயம்.
பெண்கள் சுற்றுக்கு முதல் பரிசு நூற்றைம்பது டாலர்.
எமில் ஒரு வார்த்தை பேசாமல்
கண்ணாடிகளையெல்லாம் கழற்றினான்,
கதவுகளைச் சங்கிலியால் கட்டினான்,
பெட்ரோல் டாங்கைப் பின்சீட்டுக்கு மாற்றினான்.
குளியலறைக்கு அடித்து மிஞ்சிய நீல பெயின்ட்டில்
கதவில் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
"முன்னால் போய் முட்டாதே" என்றான்.
"பின்னால் வந்து இடி. ரேடியேட்டர் பிழைக்கும்."

அப்படியே இடித்தேன்.
சேறும் நீராவியும் சோளம் தின்னும் கூட்டமும்.
கழுத்து ஒடியத் திரும்பிப் பார்த்துக்கொண்டே
வில்மா பெட்ராசெக்கின் மஸ்டாங்கை
அதன் அழகான சரிந்த முதுகோடு
மதில் வரை தள்ளிக்கொண்டு போனேன்.
அந்தச் சத்தத்தை எதனோடு ஒப்பிடுவது?
ஆலை மூடியதிலிருந்து
அவ்வளவு பெரிய சத்தம் ஊரில் கேட்டதில்லை.
நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வில்மாவும்தான்.

இரண்டாம் பரிசு. நாற்பது டாலர்.
பழைய இரும்புக்காரர் முப்பத்தெட்டு கொடுத்தார்.
எண்ணெயில் பொரித்த மாவில் சர்க்கரை தூவி வாங்கி
ஆளுக்குப் பாதி தின்றுகொண்டு
மூன்று மைல் நடந்தே வீடு திரும்பினோம்.
எமில் பாதி வழியில் ஒருமுறை
இல்லாத சாவியைச் சட்டைப்பையில் தேடினான்.

போன சனிக்கிழமை
சூப்பர்மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடத்தில்
அதே வருடம், அதே மாடல், அதே பச்சை.
பதிவுச் சீட்டில் மட்டும் இருந்த பச்சை.
மடக்கு நாற்காலியில் ஒரு பல் டாக்டர்.
சுற்றிலும் கயிறு. தொடாதீர்கள் என்று ஓர் அட்டை.
எண்பதாயிரத்துக்குக் கேட்டார்களாம், தரவில்லையாம்.
"உங்கள் காலத்தில் இதெல்லாம் சல்லிசு, இல்லையா?"
ஆமாம் என்றேன்.
நாற்பத்தொன்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.
அந்த மனிதர் நாற்காலியிலிருந்து விழுந்துவிடக்கூடும்.

"ஹீட்டர் ஓடுமா?" என்று கேட்டேன்.
யோசித்தார்.
"குளிர்காலத்தில் வெளியே எடுப்பதேயில்லை."

நல்ல மனிதர். கயிற்றை அவிழ்த்து
எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.
முட்டியைப் பிடித்துக்கொண்டு
இருக்கைக்கு முன்னால் குனிந்து பார்த்தேன்.
புதுக் கம்பளம்.
சாலை தெரியவில்லை.