இருநூற்றுப் பதினேழாம் பெட்டி

செவ்வாய்தோறும் என் பாதை
கடலோரக் கல்மதிலை ஒட்டிப் போகும்.
நாற்பத்தொரு பெட்டிகள்.
கையில் திருப்புளி, கம்பித் தூரிகை,
வாளியில் நாற்றமெடுக்கத் தொடங்கிய முயலிறைச்சி,
சட்டைப்பையில் கோழிமுட்டை இரண்டு.
ஓர்க்னியில் மரம் நிற்பதில்லை,
காற்றுதான் நிற்கும்.

மூடியின் திருகைக் கழற்றும்போது
முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வேன்.
ஏழு வருடமாகியும் அது போகவில்லை.
பெரும்பாலும் ஒன்றுமிருக்காது.
வற்றிய முட்டை, ஒரு நத்தை,
எந்தப் பிள்ளையோ திணித்துவிட்டுப் போன மிட்டாய்த் தாள்.
இந்த வேலையில் வெறுமைக்குத்தான் சம்பளம்.
ஆனால் வெறுமையிலும் இரண்டு சாதி:
வராததன் வெறுமை,
வந்து, முகர்ந்து, புத்தியாய் விலகிப் போனதன் வெறுமை.
நோட்டில் இரண்டுக்கும் ஒரே பூச்சியம்.

இருநூற்றுப் பதினேழில் இன்று ஒன்று கிடந்தது.
ஸ்டோட். கீரியைப் பிழிந்து
காயப்போட்டது மாதிரி ஒல்லி.
வால்நுனி மட்டும் மைக்கூட்டில் தொட்டெடுத்த கறுப்பு.
கையுறையைக் கழற்றித் தொட்டேன்,
தொடக்கூடாதென்று விதி.
இன்னும் வெதுவெதுப்பு.

பெட்டை.
இதன் சாதியில் கண் திறக்குமுன்பே சினை பிடித்துவிடும்,
கரு மாதக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும்.
ஆகவே ஒன்று என்று எழுதும்போது
ஒன்றைத்தான் எழுதுகிறேனா என்று தெரிவதில்லை.
அடுத்த வசந்தம் முழுக்க
என் உள்ளங்கையில் கிடந்தது,
ஒரு சாவிக்கொத்தின் கனம்கூட இல்லாமல்.

பாவம்தான்.
எவன் வண்டியிலோ எந்த வைக்கோல் கட்டிலோ வந்ததோ,
வந்த இடத்தில் பசித்திருக்கிறது.
தரையில் கூடு கட்டும் ஊரில் பசித்ததுதான் கோளாறு.

போன மார்ச்சில் மான்சி க்ளவுஸ்டனின் பூனை
இதே பெட்டியில் காலை விட்டது.
மறுநாள் அவர் நிலத்துப் பெட்டிகள் ஒன்பதும்
சாலையோரம் அடுக்கியிருந்தன,
ஒழுங்காக, எண் வரிசைப்படி.
அலுவலக வரைபடத்தில் அவர் மேய்ச்சல் நிலம்
பல் விழுந்த இடம்போல் இரண்டு மாதம் கிடந்தது.
ஓட்டையைக் கண்டுபிடிக்க
அவற்றுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

மே மாதம் அவரே கூப்பிட்டார்.
வணக்கமில்லை, மன்னிப்பில்லை.
"மேல்வயலில் நாலு நாளாய் உள்ளான் கத்தவில்லை.
பெட்டியைக் கொண்டுவந்து வை.
மதிலில் ஒரு கல்லும் நகரக்கூடாது."

இன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.
முப்பத்தொரு வருடமாய் இங்கே இருக்கிறேன்,
இன்னும் அவருக்கு நான் படகிலிருந்து தாவியவள்தான்.
"எல்லாம் இந்த வயலெலிக்காகவா?" என்றார்.
வயலெலிக்காக,
வயலெலியைத் தின்னும் பூனைப்பருந்துக்காக,
குட்டை ஆந்தைக்காக என்றேன்.
"அந்த எலியே வந்தேறிதானே.
ஐயாயிரம் வருடத்துக்கு முன்
வாற்கோதுமை மூட்டையோடு எவனோ இறக்கியது.
கணக்கை எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறீர்கள்?"

பதில் என்னிடம் இருந்தது,
பயிற்சி முகாமில் கொடுத்த நல்ல பதில்.
வாயில் திருகாணி இரண்டைக் கவ்வியிருந்ததால்
சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
முயல்துண்டை மாற்றினேன்.
முட்டையை வைத்தேன்.
வில்லை இழுத்து மாட்டும்போது
வழக்கம்போல் கட்டைவிரல் நடுங்கியது.

அப்போதுதான் மதில்மேல் அது வந்தது,
மான்சியின் பூனை, மூன்று காலில்,
அவசரமே இல்லாமல்.
வாயில் ஒரு வயலெலி தொங்கியது,
கால் இன்னும் உதறிக்கொண்டு.

மான்சி என்னைப் பார்த்தார்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
அதற்கு அதில் கட்டமில்லை.