விலைப்பட்டியல்

அல்பேனியாவின் வடக்கு மலை. பனி விலகிக்
கணவாய் திறக்க இன்னும் பதினோரு நாள்.
பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் பெஞ்சில்,
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம்
வீட்டைப் பயணிகளுக்குத் திறந்துவிட்ட ஒன்பது பேர்.

ஊர்த்தலைவர் மராஷ் சாக்பீஸ் எடுத்தார்.
படுக்கைக்கு இவ்வளவு. சரி.
கோவேறு கழுதைக்கு, கணவாய் வரை, இவ்வளவு.
அதற்கு அரைமணி நேரச் சண்டை.
கழுதை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

அடுத்து 'காப்பி' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கோடிழுத்து நின்றார்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தட்டினவனுக்கு முதல் காப்பியைக்
காசுக்கு ஊற்றிவிட்டு
என் வாசற்படி முகத்தில் எப்படி முழிப்பேன்?"
என்றாள் த்ராண்டே.

"போன கோடையில் உன் கதவை
நாநூறு பேர் தட்டினார்கள்.
காப்பித்தூள் பாக்கி இன்னும் என் நோட்டில் இருக்கிறது"
என்றான் கடைக்கார ஸெஃப்.
சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.
அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் படுக்கைக்கு
நூறு லெக் ஏற்றினோம்.
'காப்பி'யை மராஷ்
உள்ளங்கையால் அழித்தார்.

பலகையில் அந்த இடம் மட்டும்
வெளுத்துக் கிடக்கிறது.
அதன் மேலே, இடுக்கில்,
அடித்து அடித்து எழுதிய
என் கழுதை.