இருபத்துநாலு வோல்ட்

வண்டி வந்து நின்றதும்
பட்டறைக்குள் வெயில் இல்லாமல் போயிற்று.
அரசமூட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்
பட்டாளம் இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.
பட்டாளம் இல்லை. வில்பிரட் அண்ணன்.
ரப்பர் தடி ஏற்ற ஏலத்தில் எடுத்த லாரி.
பச்சை கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொன்னதால்
பாதி நீலம் அடித்திருந்தார்,
மழை வந்து மீதி அப்படியே கிடந்தது.

பின்னாலேயே ஸ்கூட்டரில் ஷைலஜா அக்கா.
"மூணாவது குழாய், கேட்டியா பிள்ளே.
பஞ்சாயத்துக் குழாய் ரெண்டு, சர்ச்சுக் குழாய் ஒண்ணு.
இனி வெள்ளம் கோர சானலுக்குத்தான் போணும்.
இதுக்குப் பொறத்தால ஒரு கண்ணு வச்சுத் தா."
பத்தொன்பது வருஷம் இதே ஜாதி வண்டியை
மலை விளிம்பில் பின்னோக்கி எடுத்தவர்
டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

மல்லாந்து படுத்து உள்ளே போனேன்.
பின் அச்சின் உருண்டையில் வெள்ளைப் பெயின்ட்,
அதற்கு மேலே தொப்பி போட்ட ஒரு பொடி பல்பு.
பின்னால் வருகிற வண்டிக்கு
அந்த வெள்ளை தெரிந்தால் போதும்,
வானத்துக்குத் தெரியக் கூடாது.
ஒளிவதற்கென்றே செய்த ஒன்றின் முதுகில்
இரண்டு விளக்கு வைக்கப் போகிறேன்.

கியர் பெட்டியில் ரிவர்ஸ் சுவிட்ச் கிடையாது.
பழைய பிரேக் சுவிட்ச் ஒன்றைத் தகரத்தில் வளைத்துக் கட்டி
கியர்க் கம்பு வந்து முட்டுகிற இடத்தில் வைத்தேன்.
வண்டி இருபத்துநாலு வோல்ட், கேமரா பன்னிரண்டு.
நேராகக் கொடுத்தால் ஒரு நொடியில் கண் அவிந்துவிடும்.
நடுவில் ஒரு கன்வர்ட்டர்,
சண்டைக்கார வீட்டில் சமாதானம் பேசும் மச்சினனைப் போல
எந்நேரமும் சூடாகவே இருக்கும்.

திரையில் முதலில் வந்தது என் கடைப் பலகை.
எழுத்தெல்லாம் நேராக, தெளிவாக.
"கொள்ளாமே" என்றார் அண்ணன்.
கேமராவின் கழுத்தில் இருந்த பச்சை வளையத்தை வெட்டினேன்.
பலகை புரண்டது, என் பெயர் வலமிருந்து இடம் போனது.
"கெடுத்துட்டியே பிள்ளே!"
இல்லை அண்ணா,
எழுத்து புரண்டால்தான் இடது இடதாக வரும்.
வாசிக்க முடிகிற மாதிரி வைத்தால்
நாலாவது குழாயும் போகும்.

இருட்டில் பார்க்கணும் என்றார்.
ரப்பர் விளையில் இருட்டு சீக்கிரம் விழும்.
ரிவர்ஸ் போட்டார்.
மரத்துக்கு மரம் கட்டிய சிரட்டைகள்
ஒரே நேரத்தில் வெளுத்துக்கொண்டு நின்றன.
அவர் கை கியரைத் தட்டிவிட்டது.
இருட்டு. எஞ்சின் மட்டும் ஓடியது.
ஷைலஜா அக்கா வாயைத் திறந்தாள்,
ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

எந்த மலை, எந்த வருஷம்,
யார் விளக்கைப் போட்டது என்று
நான் கேட்கவில்லை.
டாஷ்போர்டில் சும்மா கிடந்த ஓட்டையில்
ஒரு சுவிட்சைத் திருகினேன்.
மேலே தள்ளினால் விளக்கு,
கீழே தள்ளினால் கேமரா மட்டும்.

கீழே தள்ளிப் பார்த்தார்.
திரையில் எள் தெளித்த மாதிரி ஒரு சாம்பல்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இதுல ஒரு மண்ணும் தெரியல்ல."
அவரே மேலே தள்ளினார்.
வண்டி பைய, பைய நகர்ந்து
அக்காவின் ஸ்கூட்டருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

சுவிட்சுக்கு எவ்வளவு என்றார்.
அது வண்டியிலேயே கிடந்தது என்றேன்.
பொய். நாற்பது ரூபாய்.

புதன்கிழமை அக்கா போன் செய்தாள்.
"பிள்ளே, நாலாவது குழாய்."
விளக்கு எரியல்லையா அக்கா?
"அதெல்லாம் நல்லா எரிஞ்சு.
முன்னால போய் இடிச்சாரு."