பச்சை மை

முதல் நாள் ஹர்த்தால்.
அடுத்த நாள் பஸ் சமரம்.
மூன்றாம் நாள் எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை,
ஆனாலும் கடைகள் அடைத்திருந்தன.
பொள்ளாச்சி பஸ் கோபாலபுரத்தோடு திரும்பிக்கொண்டது.
பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம்
இவற்றுக்கு விலக்கு உண்டு.
விடைத்தாள் திருத்தப் போகிறவளுக்கு இல்லை.
பால்வண்டியில் ஏறிக்கொண்டேன்,
இரண்டு கேன்களுக்கு நடுவே
மூன்றாவது கேனாக.

கொழிஞ்சாம்பாறை முகாமில் நாற்பது நாற்காலி.
வந்தவர்கள் ஏழு பேர்.
ஒருவர் சிவப்பில் திருத்தியதை
இன்னொருவர் பச்சையில் சரிபார்க்க வேண்டும்.
எனக்குப் பச்சை திரவியமேரி.
அவள் வாளையாறுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு
போனில் கொட்டாவி விட்டாள்.

சேதுமாதவன் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.
வெள்ளிக்கிழமை ரிசல்ட் என்று பல்கலைக்கழகம் அனுப்பிய
தாளைப் பார்த்தார்.
பச்சைப் பேனா ஒன்றை மேஜையில் உருட்டிவிட்டார்.
"டீச்சரே, நிங்ஙள் தன்னெ நோக்கிக்கோளூ."

அப்படியாக, காலையில் நான் சிவப்பு,
மத்தியானம் பச்சை.
நடுவில் ஒரு கட்டன்சாயா, பங்கஜாட்சி சேச்சி
வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு வேகவைத்த பழம்.

4417.
பெயர் இல்லை, பொய் எண் மட்டும்.
திணைமயக்கம் விளக்குக, ஐந்து மதிப்பெண்.
இலக்கணம் ஒன்றரை வரி, அதில் பாதி தப்பு.
அப்புறம் இப்படி:

"எங்கள் தோட்டத்துக்கு வேலி கிடையாது.
ஒரு தென்னை சாய்ந்து வளர்ந்திருக்கிறது.
வேர் கேரளத்தில், தேங்காய் விழுவது தமிழ்நாட்டில்.
விழுந்ததை யார் எடுப்பது என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை.
அம்மா மலையாளத்தில் சண்டை போடுவாள்,
தமிழில் அழுவாள்.
இந்த செமஸ்டரில் பதினொரு நாள்தான் வகுப்பு நடந்தது.
மிச்சத்தை நானே யோசித்தேன்."

கீழே சிவப்பில், என் கையெழுத்தில்:
மேற்கோள் எங்கே? ஒன்றரை.

எப்போது இதை எழுதினேன்?
பத்தரை மணி இருக்கும். முதுகில் பால்கேன் வலி,
முப்பத்தெட்டாவது தாள்.
படித்தேனா, அல்லது
கண் மட்டும் அந்தத் தென்னையைத் தாண்டிப் போனதா?

பச்சையில் நான்கு போட்டேன்.
போட்ட வேகத்தில் மற்ற முப்பத்தேழையும் பிரித்தேன்.
எல்லாம் ஏறவில்லை.
ஒன்றில் ஐந்துக்கு ஐந்து,
மேற்கோள் மூன்று, ஒரு எழுத்துப்பிழை இல்லை;
அதே வாக்கியங்கள், அதே வரிசையில்,
இன்னும் ஒன்பது தாளில்.
கைடு.
பச்சைப் பேனா இறங்கப் பார்த்தது.
இவனுக்கும் பதினொரு நாள்தானே.
கடை திறந்திருந்த ஏதோ ஒரு நாளில்
நூற்றிருபது ரூபாய் கொடுத்து வாங்கி
மனப்பாடம் செய்திருக்கிறான்.
அவனும் மிச்சத்தை எங்கிருந்தாவது
எடுக்கத்தானே வேண்டும்.
ஐந்தை ஐந்தாகவே விட்டேன்.
சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

4417-ல் வித்தியாசம் அதிகம்,
மூன்றாவது ஆள் பார்க்க வேண்டும் என்றேன்.
சார் காலி நாற்காலிகளை ஒருமுறை எண்ணினார்.
கூட்டி இரண்டால் வகுக்கச் சொன்னார்.
இரண்டே முக்கால்.
காலை நானும் கொடுக்காத,
மத்தியானம் நானும் கொடுக்காத எண்.
தேங்காயை நடுவில் உடைத்து
இரண்டு வீட்டுக்கும் பாதி பாதி.

ஜன்னல் வழியே கணவாய்க் காற்று வந்து
கட்டு கட்டாகத் தாள்களைப் புரட்டிப் பார்த்தது.
அதற்கு எந்த மையும் தரப்படவில்லை.

ஐந்து மணிக்குப் படிவம்.
திருத்தியவர் ஒப்பம், சரிபார்த்தவர் ஒப்பம்.
இரண்டும் போட்டேன்.
சார் கண்ணாடியை மேலே தள்ளினார்.
"ரண்டு ஒப்பும் ஒருபோலெ இரிக்குன்னல்லோ."

புதுப் படிவம் ஒன்று வாங்கி
முதலாவதைத் தமிழில் போட்டேன்.
இரண்டாவதை மலையாளத்தில்,
எழுத்துக்கூட்டி,
கொஞ்சம் சாய்வாக.