கப்பிப்பால்

வவுனியா ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்,
நெஞ்சுப் படபடப்புக்குக் கோப்பியை விடு.
பாலை என் வயிறு எப்போதோ விட்டுவிட்டது.
வேலையோ
நெடுங்கேணிப் பால் சேகரிப்பு நிலையத்தில்.
சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.
பவுசர் சாரதி நாளும் சிரிக்கிறான்.

விடிய நாலரை.
தகரக் கூரையிலிருந்து மார்கழிப் பனி
வெறும் கான்களில் சொட்டுகிறது.
மண்ணெண்ணெய் அடுப்பில் ஓட்டுச்சட்டி.

முதலில் தகரை விதை.
மாசி வெயிலில் ஒலுமடு வீதியோரம்
காய் வெடிக்க வெடிக்கப் பொறுக்கியது,
ஒரு போத்தல்.
வறுத்தால் கோப்பியைப் போலக் கறுக்கும்,
கோப்பியைப் போலவே புகையும்.
நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்:
ஏமாறவில்லை. ஒழுங்காக அடிக்கிறது.

பிறகு மல்லி இரண்டு பிடி.
வேர்க்கொம்பு ஒரு விரற்கடை, கல்லால் குத்தி.
மிளகு ஏழு. எண்ணித்தான் போடுகிறேன்,
எட்டாவது தொண்டையில் நின்று வழக்காடும்.
ஏலக்காய் ஒன்றே ஒன்று,
அதன் விலை அப்படி.
எல்லாம் கொதித்து அரைவாசியாக வற்றும்வரை
பதிவேட்டில் திகதி போட்டு
கோடு அடிக்கலாம்.

தேங்காயின் தலைப்பால் வீட்டுக் கறிக்கு.
எனக்குக் கப்பிப்பால்,
இரண்டாம் முறை பிழிந்தது, நீலம் பாய்ந்தது.
சட்டியை இறக்கி வைத்துத்தான் விடவேண்டும்,
கொதியில் விட்டால் திரைந்துபோகும்.
பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு
சூடாக ஒரு மிடறு.
இது கோப்பி இல்லை.
முதல் கிழமை முழுக்க
அதைத்தான் இதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
இப்போது சொல்வதில்லை.

ஐந்தரைக்குச் சைக்கிள்கள்.
குளவிசுட்டான் பக்கம் யானை இறங்கிய கதை
வரிசையில் நின்று வளர்கிறது,
ஒரு யானை கடைசி ஆளிடம் வரும்போது மூன்று.

குலவீரசிங்கத்தின் கானில்
பால்மானியை விட்டேன்.
கண்ணாடித் தண்டு நிற்க மறுத்து
உள்ளே போனது, போனது.
இருபத்திரண்டு.
இருபத்தாறுக்குக் கீழே எடுக்கக்கூடாது என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது,
நான்தான் ஒட்டினேன்.

அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
கன்று செத்து நாலு நாள்,
மாடு பாலை ஒளிக்கிறது,
எனக்குத் தெரியும்.
பால்மானிக்குத் தெரியாது.
கானை மூடிவிட்டு
போகவும் இல்லை, நகரவும் இல்லை,
சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சட்டியில் ஒரு கோப்பைக்கு மிச்சம் இருந்தது.
நீட்டினேன்.
ஊதினார். குடித்தார்.
நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தார்.
"எல்லாம் திறம், பிள்ளை.
பாலிலதான் தண்ணி கூடிப்போச்சு."

யாரோ பின்னால் இருமினார்கள்.
பிறகு வரிசை முழுக்க உடைந்தது,
சைக்கிள்கள் ஒன்றில் ஒன்று சாய,
பவுசர் சாரதி கீழே குந்திவிட்டான்.
அவருக்குக் கடைசியாகத்தான் விளங்கியது.
சிரிக்கப் போய்ப் புரைக்கேறி
மிளகு மூக்கால் வந்து
கண்ணைத் துடைத்தார், கனநேரம் துடைத்தார்.

அடுத்த நாளும் வந்தார்.
பால்மானி இருபத்தைந்துக்கும் ஆறுக்கும் நடுவே
ஆடிக்கொண்டு நின்றது.
குனிந்து பார்த்தேன். ஐந்து.
நிமிர்ந்து நின்று பார்த்தேன்.
ஆறு என்று எழுதினேன்.

"கோப்பி கிடக்கே?"
"கோப்பி இல்லை, அண்ணை."
"என்னவோ, அதில ஒரு கோப்பை."

போத்தலில் இருந்த தலைப்பாலை
அவருக்கு விட்டேன்.
வீட்டில் இன்றைக்குப்
பூசணிக்காய்க் கறி
தண்ணியாகத்தான் இருக்கும்.